வரிப் படிவத்தில் ஒரு கட்டம்... புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி! அமெரிக்காவின் ‘செக்-ஆஃப்’ நன்கொடை என்றால் என்ன? பணம் யாருடையது, எங்கே போகிறது?

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வழக்கமான கடைசித் தேதி ஏப்ரல் 15. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் ஒருவர் மத்திய அரசுக்கு ஒரு கணக்கு, மாநில அரசுக்கு ஒரு கணக்கு என இரண்டு தாக்கல் செய்ய வேண்டும். மாநிலத்துக்கான படிவத்தின் எண் 540.

வருமானம், கழிவு, ஏற்கெனவே பிடித்த வரி என எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு வந்தால், அந்தப் படிவத்தில் ஒரு பட்டியல் வரும். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி, அல்சைமர் நோய், பொதுவான புற்றுநோய் ஆராய்ச்சி, கடல் நீர்நாய் பாதுகாப்பு, தீயணைப்பு வீரர்கள் நினைவு நிதி என ஏறத்தாழ 20 பெயர்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். விருப்பப்பட்டால் தொகையை எழுதலாம், இல்லையென்றால் அப்படியே கடந்து போகலாம்.

பலர் கடந்துதான் போகிறார்கள். சிலர், “இதுல டிக் பண்ணா அரசாங்கம் கொடுக்குமா, நம்ம பணம் போகுமா?” என்ற குழப்பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலருக்கு, வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பவர் இந்தப் பகுதி இருப்பதையே சொல்வதில்லை.

இந்தக் கட்டம் எப்படி வந்தது? அதில் போடும் 10 டாலர் உண்மையிலேயே ஒரு ஆய்வகத்துக்குப் போகிறதா? மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட இது நல்ல வழியா? விரிவாகப் பார்ப்போம்.

‘செக்-ஆஃப்’ அப்படின்னா என்ன?

வரிப் படிவத்திலேயே நன்கொடை கொடுக்கும் வசதிக்கு அமெரிக்காவில் ‘செக்-ஆஃப்’ என்று பெயர். தனியாக ஒரு அறக்கட்டளையைத் தேடிப் போக வேண்டாம், காசோலை எழுத வேண்டாம், கார்டு எண் கொடுக்க வேண்டாம். வரிக் கணக்கு முடிக்கும்போதே நன்கொடையும் முடிந்துவிடும்.

இதற்கு முன்னோடி கொலராடோ மாநிலம். 1977-ல் அங்கே கொண்டுவரப்பட்ட சட்டம், வேட்டையாடப்படாத வனவிலங்குகளைப் பாதுகாக்க வரிப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்தது. அது நன்றாக வேலை செய்ததைப் பார்த்து மற்ற மாநிலங்களும் பின்பற்றின. முதலில் விலங்குகள், பிறகு குழந்தைகள் நலன், பிறகு நோய்கள் என்று பட்டியல் வளர்ந்தது. இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் இந்த வசதி இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது மாநில வரிப் படிவத்தில் இருக்கும் வசதி. மத்திய அரசின் 1040 படிவத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு கட்டம் கிடையாது. அதேபோல டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரியே இல்லை. அதனால் டல்லாஸில் இருப்பவருக்கு இந்தக் கட்டமும் இல்லை, சான் ஹோசேயில் இருப்பவருக்கு உண்டு.

பணம் யாருடையது?

இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். கலிஃபோர்னியா முறையில் கொடுக்கும் பணம் முழுக்க முழுக்க உங்கள் பணம். அரசுக்குக் கட்டும் வரியில் இருந்து அது கழிக்கப்படுவதில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்களுக்கு 800 டாலர் ரீஃபண்ட் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 25 டாலரை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கு எழுதினால், கைக்கு வருவது 775 டாலர். ரீஃபண்ட் இல்லாமல், நீங்கள்தான் 300 டாலர் வரி கட்ட வேண்டிய நிலை என்றால், 325 டாலராகக் கட்ட வேண்டும். குறைந்தபட்சம் 1 டாலர், முழு டாலர்களாக மட்டும் கொடுக்கலாம். கணக்கைத் தாக்கல் செய்த பிறகு தொகையை மாற்ற முடியாது.

அடுத்த ஆண்டு கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் காட்டுபவர்கள் இதையும் நன்கொடையாகக் காட்டலாம். ஆனால் பெரும்பாலானோர் நிலையான கழிவையே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் வரி லாபத்துக்காக இந்தக் கட்டத்தை நிரப்புபவர்கள் குறைவு. கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதால்தான் கொடுக்கிறார்கள்.

குழப்பத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. மத்திய அரசின் 1040 படிவத்தில் அதிபர் தேர்தல் பிரசார நிதிக்காக 3 டாலர் ஒதுக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதை டிக் செய்தால் உங்கள் வரி கூடாது, ரீஃபண்டும் குறையாது. அரசு கஜானாவில் இருந்துதான் அந்த 3 டாலர் போகும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், மாநிலப் படிவத்தில் உள்ளதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

புற்றுநோய் எப்படி வரிப் படிவத்துக்குள் வந்தது?

இந்தக் கதையில் விஞ்ஞானிகளை விட நோயாளிகளுக்குத்தான் பெரிய பங்கு.

1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பெண்கள் அமைப்பாகத் திரண்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்’ போன்ற குழுக்கள் உருவாகின. அவர்கள் கேட்டது அனுதாபத்தை அல்ல. “எங்களுக்கு ஏன் இந்த நோய் வந்தது? இதைத் தடுக்க என்ன ஆராய்ச்சி நடக்கிறது? அதை முடிவு செய்யும் அறையில் நாங்கள் ஏன் இல்லை?” என்பதுதான் அவர்களின் கேள்வி.

அந்த அழுத்தத்தின் விளைவாக 1993-ல் கலிஃபோர்னியா மார்பகப் புற்றுநோய்ச் சட்டம் வந்தது. மாநில சட்டமன்ற உறுப்பினர் பார்பரா ஃபிரீட்மன் இதை முன்னெடுத்தார். ஒவ்வொரு சிகரெட் பாக்கெட் மீதும் 2 சென்ட் கூடுதல் வரி. அதில் கிடைக்கும் வருவாயில் 45 சதவீதம் ஆராய்ச்சிக்கு, 50 சதவீதம் வசதியற்ற பெண்களுக்கான பரிசோதனைக்கு, 5 சதவீதம் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு என்று பிரிக்கப்பட்டது.

ஆராய்ச்சிப் பங்கை நிர்வகிக்கும் பொறுப்பு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திடம் கொடுக்கப்பட்டது. இப்படிப் பிறந்ததுதான் கலிஃபோர்னியா மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டம். இதன் ஆலோசனைக் குழுவில் விஞ்ஞானிகள், மருத்துவர்களோடு நோயில் இருந்து மீண்டவர்களும், நோயாளிகளுக்காகக் குரல் கொடுப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஆராய்ச்சிக்கு முன்னுரிமை என்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்தத் திட்டத்துக்குப் பணம் வரும் இன்னொரு வழிதான் வரிப் படிவத்தில் உள்ள கட்டம். அண்மைக்காலப் படிவங்களில் அதன் குறியீட்டு எண் 405. அல்சைமர் நோய்க்கு 401, பொதுவான புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 413.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. சிகரெட் வரிதான் திட்டத்தின் முதுகெலும்பு. ஆனால் கலிஃபோர்னியாவில் புகைப்பழக்கம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. மக்கள் ஆரோக்கியத்துக்கு அது நல்ல செய்தி. ஆராய்ச்சி நிதிக்கோ அதனாலேயே வருமானம் குறைகிறது. சிகரெட் விற்பனை குறையக் குறைய, மக்கள் விரும்பிக் கொடுக்கும் பணத்தின் முக்கியத்துவம் கூடுகிறது.

சின்னத் தொகையால் என்ன செய்துவிட முடியும்?

நியாயமான கேள்வி. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

கலிஃபோர்னியாவில் ஒரு நன்கொடை நிதி வரிப் படிவத்தில் தொடர்ந்து இடம்பெற வேண்டுமென்றால், பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 2.5 லட்சம் டாலர் திரட்ட வேண்டும். திரட்ட முடியாவிட்டால் பட்டியலில் இருந்து பெயர் நீக்கப்படும். ஆளுக்கு 10 டாலர் என்றால் 25,000 பேர் கொடுத்தால் போதும். சுமார் 4 கோடி மக்கள் வாழும் மாநிலத்தில் ஆயிரத்தில் ஒருவர்கூடத் தேவையில்லை. அப்படியிருந்தும் பல நிதிகள் இந்தக் கோட்டைத் தாண்டத் திணறுகின்றன.

சரி, 2.5 லட்சம் டாலருக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், சுருக்கமாக என்ஐஎச், ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கும் மானியங்களில் எளிமையான பட்ஜெட் முறை ஒன்று உண்டு. அதற்கு நீண்ட காலமாக வைத்திருக்கும் உச்சவரம்பு, ஆண்டுக்கு நேரடிச் செலவாக 2.5 லட்சம் டாலர். அதாவது, ஒரு மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஒரு நிதியை உயிரோடு வைத்திருக்கக் கொடுக்கும் குறைந்தபட்சத் தொகை, ஏறக்குறைய ஒரே ஒரு ஆய்வகத்தின் ஒரே ஒரு திட்டத்துக்கு ஓராண்டு செலவு.

என்ஐஎச்-சின் ஆண்டு பட்ஜெட்டோ 4,500 கோடி டாலருக்கும் மேல். அதோடு ஒப்பிட்டால் 2.5 லட்சம் என்பது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் இதெல்லாம் வீண்தானா? இல்லை. இங்கேதான் ஆராய்ச்சி உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய அரசு மானியம் கேட்டுப் போகும் விஞ்ஞானியிடம் முதலில் கேட்கப்படுவது, “உங்கள் யோசனை வேலை செய்யும் என்பதற்கு ஆரம்பகட்டத் தரவு இருக்கிறதா?” என்பதுதான். தரவு வேண்டுமென்றால் சோதனை செய்ய வேண்டும். சோதனைக்குப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் தரவு வேண்டும். வேலைக்குப் போனால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்பது போன்ற சிக்கல் இது. புதிதாக ஆய்வகம் தொடங்கும் இளம் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிறிய நிதிகள் உதவுவது இந்த இடத்தில். யாரும் இன்னும் நம்பாத ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்க முதல் பணம் தருவது இவைதான். விவசாயத்தில் விதை நெல் மாதிரி. மூட்டைக் கணக்கில் பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் விதைப்பே இல்லை.

ஆசிரியைகளிடம் தொடங்கிய ஓர் ஆய்வு

விதைப் பணம் எப்படி வளரும் என்பதற்கு கலிஃபோர்னியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதன் பெயர் கலிஃபோர்னியா ஆசிரியர்கள் ஆய்வு.

1995-96-ல் தொடங்கிய இந்த ஆய்வில், அரசுப் பள்ளிகளில் பணிபுரிந்த, ஓய்வு பெற்ற பெண் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் சேர்ந்தார்கள். மொத்தம் 1,33,000-க்கும் மேற்பட்ட பெண்கள். உணவு, உடற்பயிற்சி, ஹார்மோன் மாத்திரை, குடும்பத்தில் நோய் வரலாறு, வசிக்கும் இடம் எனப் பல கேள்விகளுக்கு அவர்கள் பதில் எழுதி அனுப்பினார்கள். யாருக்கு எப்போது புற்றுநோய் வருகிறது என்பதை மாநிலத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் கவனித்து வருகிறார்கள்.

இந்த ஆய்வின் தொடக்க நிதியில் 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த பணம் இருந்தது. பிறகு அதன் பயனைப் பார்த்து மத்திய அரசின் என்ஐஎச் நிதி கொடுத்தது. மாநிலத்தின் சிறிய நிதி தொடங்கிவைத்ததை மத்திய அரசின் பெரிய நிதி தாங்கிப் பிடித்தது. அந்தத் தொடக்கப் பணத்துக்கு அடித்தளம் சிகரெட் வரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டத்தில் எழுதப்பட்ட நன்கொடையால் மட்டும் இவ்வளவு பெரிய ஆய்வைத் தொடங்கியிருக்க முடியாது.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு மருந்து நிறுவனம் பணம் போடும்போது, விற்கக்கூடிய மருந்து கிடைக்குமா என்று பார்ப்பது இயல்பு. சுற்றுச்சூழலில் உள்ள ரசாயனங்களுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா, ஏன் சில சமூகப் பெண்களுக்கு நோய் தாமதமாகவே தெரியவருகிறது போன்ற கேள்விகளில் விற்பதற்கு எதுவும் இல்லை. இந்தக் கேள்விகளுக்கு மக்கள் பணம்தான் வர வேண்டும். கலிஃபோர்னியா திட்டம் தன் நிதியில் ஒரு பகுதியை இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

நியூயார்க் முறை: நீங்கள் ஒரு டாலர், அரசு ஒரு டாலர்

நியூயார்க் மாநிலத்திலும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி மற்றும் கல்வி நிதி வரிப் படிவத்தில் இருக்கிறது. 1996-ல் உருவான நிதி இது. அங்கே ஒரு கூடுதல் அம்சம் உண்டு. நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால், மாநில அரசும் தன் பங்காக ஒரு டாலர் சேர்க்கும் என்பது சட்டம். புராஸ்டேட் மற்றும் விதைப்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கும் இதே முறைதான்.

இது நல்ல ஏற்பாடு. மக்கள் விருப்பத்தை அரசு மதிக்கிறது, அதே சமயம் பொறுப்பு முழுவதையும் மக்கள் தலையில் கட்டவும் இல்லை.

ஆனால் பணம் சேர்ந்தால் மட்டும் போதாது, செலவாகவும் வேண்டும். நியூயார்க் மாநிலக் கணக்கு அதிகாரி தாமஸ் டினாபோலியின் அலுவலகம் வரிப் படிவ நன்கொடை நிதிகளை ஆராய்ந்தபோது, மக்கள் கொடுத்த பணத்தில் கணிசமான பகுதி செலவழிக்கப்படாமலே கணக்கில் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. ஆராய்ச்சிக்கு என்று நம்பிக் கொடுத்த பணம் கணக்கில் தூங்கினால், அதனால் எந்த நோயாளிக்கும் பயன் இல்லை.

இத்தாலி முறை: வரியில் இருந்தே ஆயிரத்துக்கு ஐந்து

அமெரிக்க முறையில் கொடுப்பவரின் பாக்கெட்டில் இருந்து பணம் போகிறது. இத்தாலி இதையே வேறு மாதிரி செய்கிறது.

2006 முதல் அங்கே ‘சின்க்வே பெர் மில்லே’ என்ற முறை நடைமுறையில் உள்ளது. பொருள், ‘ஆயிரத்துக்கு ஐந்து’. வரி செலுத்துபவர் தன் வருமான வரியில் 0.5 சதவீதத்தை எந்த அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சொல்லலாம். தன்னார்வ அமைப்புகள், அறிவியல் ஆராய்ச்சி, மருத்துவ ஆராய்ச்சி, உள்ளூர் நிர்வாகத்தின் சமூகப் பணிகள் எனப் பிரிவுகள் உண்டு. குறிப்பிட்ட அமைப்பின் வரி எண்ணையும் எழுதலாம்.

ஒருவருக்கு 4,000 யூரோ வருமான வரி என்றால் அதில் 20 யூரோ அவர் சொல்லும் அமைப்புக்குப் போகும். அவர் கூடுதலாக ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டாம். கையெழுத்துப் போடாவிட்டால் அந்த 20 யூரோ அரசிடமே இருக்கும். ‘எப்படியும் கட்டப்போகிற பணம், எங்கே போகட்டும் என்று நாமே சொல்லிவிடலாமே’ என்று கோடிக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆண்டுக்கு மொத்தம் 50 கோடி யூரோவுக்கு மேல் இப்படிப் பிரிகிறது. இதில் அதிகத் தொகை பெறும் அமைப்பு, 1965-ல் தொடங்கப்பட்ட இத்தாலியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஏஐஆர்சி. புற்றுநோய் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது பற்றிய பல ஆண்டு ஆராய்ச்சித் திட்டங்களை இந்தப் பணத்தைக் கொண்டே அது நடத்துகிறது. ஹங்கேரியில் 1996-லேயே வரியில் 1 சதவீதத்தை இப்படி ஒதுக்கும் சட்டம் வந்துவிட்டது.

அப்படியானால் இத்தாலி முறைதான் சிறந்ததா? அதிலும் சிக்கல் உண்டு. அது அரசின் வருவாயில் இருந்து போகும் பணம். அதனால் அரசு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மக்கள் ஒதுக்கிய தொகை அதைத் தாண்டினால் எல்லா அமைப்புகளுக்கும் விகிதப்படி வெட்டு விழும். மேலும், பெயர் தெரிந்த, விளம்பரம் செய்ய வசதியுள்ள பெரிய அமைப்புகளுக்கே அதிகம் போகும். யாருக்கும் பெயர் தெரியாத அரிய நோய்க்கு ஆராய்ச்சி செய்யும் சின்ன அமைப்புக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் இந்த முறை மீது வைக்கப்படும் விமர்சனங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, கூட்ட நெரிசல். பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தபோது கண் அங்கே நின்றது. 20 பெயர் வந்த பிறகு எல்லாமே சின்ன எழுத்து ஆகிவிட்டது. நல்ல காரியம் ஒவ்வொன்றும் இன்னொரு நல்ல காரியத்தோடு அதே பத்து டாலருக்குப் போட்டி போடுகிறது. அதனால்தான் குறைந்தபட்சத் தொகை, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு சட்டமன்றம் மீண்டும் ஒப்புதல் தர வேண்டும் போன்ற நிபந்தனைகள் வந்தன. இல்லினாய் மாநிலத்திலும் இதே போன்ற குறைந்தபட்ச வரம்பு உண்டு. மார்பகப் புற்றுநோயால் 1998-ல் இறந்த மாநில செனட்டர் பென்னி செவர்ன்ஸின் பெயரைச் சூட்டிய புற்றுநோய் ஆராய்ச்சி நிதி அங்கே வரிப் படிவத்தில் இடம்பெற்றிருந்தது.

இரண்டாவது, நிச்சயமின்மை. ஒரு ஆராய்ச்சி முடிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். நன்கொடையோ ஆண்டுதோறும் ஏறி இறங்கும். இந்த ஆண்டு கிடைத்த பணம் அடுத்த ஆண்டு கிடைக்குமா என்று தெரியாமல் ஒரு ஆய்வகத்தில் ஆள் எடுக்க முடியாது. வரித் துறையின் நிர்வாகச் செலவும் இந்த நன்கொடையில் இருந்துதான் கழிக்கப்படுகிறது.

மூன்றாவதுதான் கனமானது. “மக்கள்தான் கொடுக்கிறார்களே” என்று சொல்லி அரசு தன் கையைச் சுருக்கிக்கொள்ள இது வழிகாட்டிவிடுமோ என்ற அச்சம். 2025-ல் டிரம்ப் நிர்வாகம் என்ஐஎச் வழங்கிய ஆராய்ச்சி மானியங்கள் பலவற்றைப் பாதியிலேயே நிறுத்தியது. அதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. அப்படி ஒரு பெரிய மானியம் நின்றால் விழும் ஓட்டையை, வரிப் படிவத்தின் பத்து டாலர்களால் அடைக்க முடியாது. மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி.

இந்தியாவில் இப்படி உண்டா?

நம்முடைய ஐடிஆர் படிவத்தில் நன்கொடை பற்றிய பகுதி இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி. ஏற்கெனவே கொடுத்துவிட்ட நன்கொடையின் விவரத்தை, பெற்றவரின் பான் எண் உட்பட, அங்கே பதிவு செய்கிறோம். ரீஃபண்டில் இருந்து இவ்வளவு எடுத்து இந்த ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று படிவத்திலேயே சொல்லும் வசதி கிடையாது.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பொதுவான நன்கொடைகளுக்கு 80ஜி பிரிவும், அங்கீகரிக்கப்பட்ட அறிவியல் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நன்கொடைக்கு 80ஜிஜிஏ பிரிவும் உண்டு. பின்னது தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு. இரண்டிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும்.

தொழில் செய்பவர்களுக்கு 35-வது பிரிவில் இன்னும் பெரிய சலுகை இருந்தது. அறிவியல் ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் கொடுத்தால் ஒரு காலத்தில் 175 ரூபாயைக் கழிவாகக் காட்டலாம். 2017 ஏப்ரல் முதல் அது 150 ஆகவும், 2020 ஏப்ரல் முதல் 100 ஆகவும் குறைக்கப்பட்டது.

2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பான தேர்வு. அதில் 80ஜி, 80ஜிஜிஏ கழிவுகள் இரண்டுமே கிடையாது. ஆக, சம்பளம் வாங்கும் ஒருவர் புதிய முறையில் இருந்துகொண்டு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால், கலிஃபோர்னியாக்காரர் மாதிரியேதான், வரி லாபம் பார்க்காமல் மனசாரக் கொடுப்பதாக அர்த்தம்.

கட்டத்தை நிரப்பும் முன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் உங்கள் மகனோ, மகளோ, நண்பரோ வரிக் கணக்கு தாக்கல் செய்கிறார் என்றால் அவர்களுக்குச் சொல்ல சில விஷயங்கள் இருக்கின்றன. ஆண்டின் ஒரு பகுதி மட்டும் கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள் நிரப்பும் 540என்ஆர் படிவத்திலும் இந்தப் பட்டியல் உண்டு.

முதலில், அது உங்கள் பணமா, அரசின் வரியில் இருந்து போகும் பணமா என்று பாருங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் என்றால் உங்கள் பணம்.

அடுத்து, நிதியின் பெயரோடு நின்றுவிடாமல் படிவத்தின் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். ‘புற்றுநோய்’ என்று பெயரில் இருந்தாலும், ஒன்று ஆய்வக ஆராய்ச்சிக்குப் போகலாம், இன்னொன்று விழிப்புணர்வுக்கும் சேர்த்துப் போகலாம். கலிஃபோர்னியாவின் 413-ம் எண் நிதி அப்படி இரண்டுக்கும் சேர்த்து உள்ளது.

கடைசியாக, போன ஆண்டுகளில் வந்த பணம் செலவாகியிருக்கிறதா, யாருக்கு மானியம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நல்ல திட்டங்கள் இதைப் பொதுவெளியில் வெளியிடுகின்றன. கலிஃபோர்னியா மார்பகப் புற்றுநோய்த் திட்டம் தான் கொடுத்த மானியங்களையும், அதில் கிடைத்த முடிவுகளையும் சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், இந்தக் கட்டம் ஒரு நாட்டின் மருத்துவ ஆராய்ச்சியைத் தாங்கும் தூண் அல்ல. அந்த வேலை அரசுடையது, அதை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பெரிய பணம் எட்டிப் பார்க்காத ஒரு கேள்விக்கு முதல் ரூபாயோ முதல் டாலரோ போடும் உரிமையை இது சாதாரண மக்களுக்குக் கொடுக்கிறது. 1993-ல் அந்தப் பெண்கள் போராடிக் கேட்டது பணத்தை மட்டுமல்ல, எதை ஆராய்வது என்று சொல்லும் உரிமையையும்தான். அந்த உரிமைக்கான சிறிய வாசல்களில் ஒன்று, படிவத்தில் 405 என்ற எண்ணுக்கு எதிரே உள்ள காலிக் கட்டம்.